40 பிள்ளைகள், 6 மேட், ஒரு விசில்: குட்டிக்கரணத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

புது_விசில்
திங்கள், இரவு 9:10

வணக்கம். உடற்கல்வி ஆசிரியையாக இது எனக்கு இரண்டாவது வருடம். தடகளத்திலிருந்து வந்தவள். ஓட்டம், தாண்டுதல் என்றால் தயங்காமல் சொல்லிக்கொடுப்பேன். இந்தப் பருவத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அடிப்படை ஜிம்னாஸ்டிக்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்புக்கு 40 பேர், 40 நிமிட பீரியட். இருப்பது 6 மெல்லிய மேட், ஒரு தடித்த கிராஷ் மேட், இரண்டு நீள பெஞ்சு, ஒரு ஸ்பிரிங் போர்டு (மிதித்து எம்புவதற்கான சரிவான பலகை).

போன வாரம் முதல் வகுப்பு. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, நானே ஒரு முறை செய்து காட்டி, ஒவ்வொருவராகக் குட்டிக்கரணம் அடிக்கச் சொன்னேன். பத்துப் பேர் எப்படியோ உருண்டுவிட்டார்கள். பதினோராவதாக வந்த பையன் உச்சந்தலையை மேட்டில் ஊன்றி, காலை உதைத்து, அப்படியே நின்றான். ஒரு நொடிதான். பிறகு கழுத்து ஒரு பக்கம் மடங்கிச் சரிந்தான். ஒன்றும் ஆகவில்லை, சிரித்துக்கொண்டே எழுந்து வரிசையின் கடைசிக்கு ஓடினான். எனக்குத்தான் கை நடுக்கம் அடங்க அந்த பீரியட் முடிய வேண்டியிருந்தது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? எப்படிப் பிடிப்பது? எதையெல்லாம் தொடவே கூடாது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

வேண்டாம்_வம்பு
திங்கள், இரவு 9:31

ஸ்கிப்பிங் கயிறு கொடுங்கள். பந்து கொடுங்கள். 40 பேரைத் தலைகீழாகப் புரட்டும் வேலை எதற்கு? நாளைக்கு ஒன்று ஆனால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான், எடுக்கச் சொன்னவர்கள் இல்லை.

---

முன்னாள்_பீம்
திங்கள், இரவு 10:48

பத்து வருடம் போட்டிகளில் ஆடினேன், இப்போது சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பையன். அவன் தப்பு எதுவும் செய்யவில்லை. முழு உருளலை ஒரு தடவை பார்த்தான், பார்த்ததைச் செய்தான். பார்க்கிறவன் கண்ணுக்குக் குட்டிக்கரணம் என்றால் "தலையைத் தரையில் வைத்துக் கால் மேலே போவது". உண்மையில் அது தலையின் வேலையே இல்லை. கை தாங்க வேண்டும், இடுப்பு தோளுக்கு மேலே ஏற வேண்டும், முகவாய் நெஞ்சோடு ஒட்ட வேண்டும். அப்போது தலை உள்ளே மடங்கிப்போய், மேல் முதுகுதான் மேட்டில் படும். பிடரி பட்டாலும் தடவிக்கொண்டு போகிற மாதிரிதான் படும். உச்சந்தலை மேட்டில் பட்டால் உடம்பு எடை மொத்தமும் கழுத்துக்கு வருகிறது. அதைத்தான் அன்று பார்த்திருக்கிறீர்கள்.

ஆகவே முதல் இரண்டு வகுப்பில் குட்டிக்கரணமே வேண்டாம். அதற்குப் பதில்:

வடிவங்கள். முட்டியை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் டக், கால் நீட்டி உட்காரும் பைக், காலை விரித்து உட்காரும் ஸ்டிராடில், மல்லாந்து படுத்து அடிமுதுகைத் தரையில் அழுத்தியபடி கையையும் காலையும் லேசாகத் தூக்கும் தட்டு வடிவம், குப்புறப் படுத்த வில் வடிவம், தண்டால் எடுக்கிற முதல் நிலை. இதெல்லாம் விளையாட்டாகவே நடக்கும். நீங்கள் பெயர் சொல்ல, அவர்கள் மாற்ற வேண்டும்.

அப்புறம் தொட்டிலாட்டம். டக்கில் உட்கார்ந்து முதுகை வளைத்து முன்னும் பின்னும் ஆடுவது. பின்னால் போய் முன்னால் வரும்போது, கையைத் தரையில் ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும். உருளலின் இரண்டாம் பாதி இதுதான். இதைச் செய்ய முடியாத பிள்ளைக்கு முதல் பாதியைக் கொடுக்காதீர்கள்.

கை பலத்துக்குக் கையும் காலும் ஊன்றி நடக்கும் கரடி நடை, கையை ஊன்றிக் காலைத் தூக்கித் தாவும் முயல் தாவல். முயல் தாவலில் இடுப்பு தோளுக்கு மேலே போகிறதா என்று மட்டும் பாருங்கள். தண்டால் நிலையில் பத்து நொடி முதுகு தொய்யாமல் நிற்கிறவன் உருளலில் தன் எடையை ஓரளவு தாங்குவான். தொய்கிறவனுக்கு இன்னும் இரண்டு வாரம் கரடி நடைதான். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, எல்லோரும்தான் கரடியாக நடக்கிறார்கள்.

மூன்றாவது வகுப்பில் சரிவு. ஸ்பிரிங் போர்டு இருக்கிறது என்றீர்களே, அதன் மேலே மேட்டைப் போட்டு, உயரமான பக்கத்திலிருந்து கீழே உருளச் சொல்லுங்கள். சரிவு பாதி வேலையைச் செய்துவிடும், உதைத்துத் தள்ள வேண்டிய அவசியம் இருக்காது. உதைக்காதவன் தலையை ஊன்ற மாட்டான். போர்டு நகராமல் சுவரையோ பெஞ்சையோ பின்னால் அணை கொடுங்கள். கீழே இறங்கும் இடத்தில் இன்னொரு மேட் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கட்டும்.

முகவாயை உள்ளே வை என்று ஆயிரம் தடவை சொல்வதை விட ஒரு கைக்குட்டை போதும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உருள வேண்டும். எழுந்து நிற்கும்போது கைக்குட்டை அங்கேயே இருந்தால் வெற்றி.

வம்பு சார் சொல்வதற்கும் ஒரு பதில். பிள்ளைகள் பல்டி அடிக்கக் கற்றுக்கொள்ளத்தான் போகிறார்கள், உங்கள் பீரியடில் இல்லையென்றால் மணல் மேட்டில், படுக்கையில், வீடியோ பார்த்து.

---

கணக்கு_டீச்சர்
செவ்வாய், காலை 6:55

எனக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியாது, கணக்குத் தெரியும். ஒரு குட்டிக்கரணத்துக்கு 20 நொடி என்றால் 40 பேருக்கு 800 நொடி. 13 நிமிடத்துக்கு மேல். ஆடை மாற்றுவது, வார்ம்-அப், மேட் எடுத்து அடுக்குவது எல்லாம் போக உங்களுக்கு மிஞ்சுவது 25 நிமிடம் கூட இருக்காது. ஆக ஒரு பிள்ளைக்கு இரண்டு முயற்சி கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. மீதி நேரம் அது வரிசையில் நிற்கிறது. வரிசையில் நிற்கும் பிள்ளை என்ன செய்யும் என்று எந்த டீச்சருக்கும் சொல்லத் தேவையில்லை.

---

சாக்பீஸ்_மாஸ்டர்
செவ்வாய், காலை 8:20

கணக்கு டீச்சர் சரியாகப் பிடித்துவிட்டார். என் 31 வருட சர்வீஸில் பார்த்த அடிகளில் பாதிக்கு மேல் கருவியில் ஆனதில்லை. வரிசையில் தள்ளிவிட்டது, அடுத்தவன் எழுவதற்குள் இவன் உருண்டது, மேட்டை இழுத்துக்கொண்டு ஓடியது, இப்படித்தான்.

தங்கச்சி, உங்கள் 6 மேட்டுக்கு ஐந்து நிலையம் போடலாம். நிலையத்துக்கு 8 பேர், 4 நிமிடம், அப்புறம் விசில், அடுத்த இடம்.

சரிவு உருளல்: 2 மேட். தொட்டிலாட்டம்: 2 மேட். பெஞ்சிலிருந்து குதித்து இறங்குவது: 2 மேட். கரடி நடை, முயல் தாவல்: மேட் வேண்டாம், தரையில் சாக்பீஸ் கோடு போதும். ஐந்தாவது, ஜோடி ஜோடியாக உடம்பின் மூன்று புள்ளி மட்டும் தரையில் படுகிற மாதிரி நிற்பது, அதற்கும் மேட் வேண்டாம்.

இதில் ஆபத்து உள்ள நிலையம் ஒன்றே ஒன்று, சரிவு. நீங்கள் அங்கே நிற்பீர்கள். ஆபத்தான இரண்டை ஒரே நாளில் வைக்காதீர்கள், உங்களுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கண். நிற்கும்போது முதுகு சுவர் பக்கம் இருக்கட்டும். ஹாலின் நடுவில் நிற்கிற வாத்தியாருக்குப் பின்னால் எப்போதும் இருபது பேர் இருப்பார்கள்.

எல்லா நிலையமும் ஒரே திசையில் போகட்டும். சுவரைப் பார்த்து யாரும் ஓடக் கூடாது, உருளக் கூடாது. ஒரு விசில் என்றால் அவரவர் இடத்தில் தரையில் உட்கார வேண்டும். இதை முதல் வகுப்பில் பத்துத் தடவை பழக்குங்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் காத்திருக்கட்டும்.

மேட்டை நான்கு பேர் நான்கு மூலையில் தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் அடிப்பக்கம் தேய்ந்து வழுக்க ஆரம்பிக்கும். இரண்டு மேட்டுக்கு நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலும் கால் நுழைந்துவிடும்.

---

புது_விசில்
செவ்வாய், மதியம் 1:05

ஐயா, ரொம்ப நன்றி. இறங்குவதற்குக் கிராஷ் மேட் போடாமல் மெல்லிய மேட்டைச் சொல்கிறீர்களே, அது தவறி எழுதியதா?

---

சாக்பீஸ்_மாஸ்டர்
செவ்வாய், மதியம் 1:40

தவறி எழுதவில்லை. பெஞ்சு முட்டி உயரம்கூட இல்லை. காலால் வந்து இறங்குகிறவனுக்கு மெத்தென்று புதைகிற மேட் கணுக்காலைத் திருப்பிவிடும். கிராஷ் மேட் முதுகால் வந்து விழுகிறவர்களுக்கு. தவிர, அதைப் பார்த்தவுடன் பையன்களுக்குப் பல்டி ஞாபகம் வந்துவிடும். பூட்டி வையுங்கள்.

---

முன்னாள்_பீம்
செவ்வாய், மதியம் 2:15

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. இறங்குவதைப் பற்றி நான் எழுதாமல் விட்டுவிட்டேன், உண்மையில் அதுதான் முதல் பாடம். முன்பாதம் முதலில், குதிகால் அடுத்து, முட்டி மடங்கி, கை முன்னால். முட்டி இரண்டும் உள்ளே சாயாமல் கால்விரல் பக்கம் பார்க்க வேண்டும். ரொம்ப ஆழமாக உட்கார்ந்துவிட்டால் முட்டி முகவாயில் இடித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், நான் கடித்திருக்கிறேன். இறங்கியதும் மூன்று நொடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். சத்தமே இல்லாமல் இறங்குவது யார் என்று போட்டி வைத்தால் தொழில்நுட்பம் தானாக வரும்.

கூடவே விழப் பழக்குங்கள். பின்னால் சாயும்போது கையைப் பின்னால் ஊன்றுவது எல்லோருக்கும் இயல்பு, மணிக்கட்டும் முழங்கையும் உடைவது பெரும்பாலும் அங்கேதான். கையை நெஞ்சோடு கட்டி, முகவாயை உள்ளே வைத்து, வளைந்த முதுகோடு உருண்டு போகட்டும். தொட்டிலாட்டம் தெரிந்த பிள்ளைக்கு இது பத்து நிமிட வேலை.

---

ரெண்டு_வாண்டுகளின்_அம்மா
செவ்வாய், இரவு 8:30

டீச்சர்களுக்கு நடுவில் ஒரு பெற்றோர் நுழையலாமா?

என் பெரியவளுக்கு உடம்பு கொஞ்சம் கனம். போன வருடம் அவளைக் குட்டிக்கரணம் போடச் சொல்லி, வரவில்லை என்றதும் இன்னும் இரண்டு தடவை எல்லோர் முன்னாலும் போட வைத்தார்கள். மூன்றாவது தடவை பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை. அதை விட, பி.டி. பீரியட் வந்தாலே வயிற்று வலி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், இப்போது வேறு சார் வந்துவிட்டார்.

இன்னொன்று, பிடிப்பது பற்றி. பெண் பிள்ளைகளைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிடித்தால் நன்றாக இருக்கும். பையன்களுக்கும்தான்.

---

முன்னாள்_பீம்
செவ்வாய், இரவு 9:02

அக்கா, நீங்கள் நுழைந்தது நல்லதாகப் போயிற்று. தள்ளிவிடுவது பிடிப்பது ஆகாது. தயாராக இல்லாத பிள்ளையைத் தள்ளினால் அது கையை எடுத்துவிட்டுத் தலையால் போகும்.

குட்டிக்கரணத்துக்கு நான் பிடிக்கும் முறை: பக்கவாட்டில் ஒரு முட்டி போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஒரு கை பின்தலையில், தலை மடங்கியே இருப்பதற்கு. அழுத்தக் கூடாது, அது வழிகாட்டும் கை. மற்றொரு கை தொடையின் பின்பக்கம், இடுப்பு மேலே ஏறுவதற்கு. தூக்கும் வேலை அந்தக் கையுடையது. எங்கே தொடப்போகிறேன் என்று வகுப்பு முழுவதற்கும் முதலிலேயே ஒரு பிள்ளையை வைத்துக் காட்டிவிடுவேன். வேண்டாம் என்கிற பிள்ளைக்குச் சரிவும் தொட்டிலாட்டமும் இருக்கின்றன, பிடிக்காமலே முன்னேறலாம்.

சுவரில் ஹேண்ட்ஸ்டாண்ட், அதாவது கையை ஊன்றித் தலைகீழாக நிற்பது, பழக்கும்போது முன்னால் நிற்காதீர்கள், குதிகால் மூக்கில் வரும். பக்கத்தில் நின்று தொடையைப் பிடியுங்கள். கணுக்காலைப் பிடித்தால் நடு உடம்பு தொங்கும். ஏறுவதற்கு முன்னால் இறங்கத் தெரிய வேண்டும்: ஒரு காலாக வந்த வழியே இறங்குவது, முடியாவிட்டால் ஒரு கையை நகர்த்திப் பக்கவாட்டில் திரும்பி இறங்குவது. அதைச் செய்து காட்டாதவன் சுவரிடம் போகக் கூடாது.

---

சாக்பீஸ்_மாஸ்டர்
செவ்வாய், இரவு 9:40

பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளைப் பிடிக்க வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். 40 பேருக்கு ஒரு வாத்தியார் எத்தனை பேரைப் பிடிப்பார்?

---

முன்னாள்_பீம்
செவ்வாய், இரவு 9:55

மன்னிக்கவும் ஐயா, ஆறாம் வகுப்புக்கு இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 11 வயதுப் பிள்ளை, தன் எடையே உள்ள இன்னொரு பிள்ளை விழும்போது என்ன செய்யும்? விலகும், அல்லது சேர்ந்து விழும். பெரிய வகுப்பில், பிடிப்பதையே ஒரு பாடமாக நடத்திய பிறகு, சரி. இந்த வயதில் ஆள் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்கிற பயிற்சி எதுவாக இருந்தாலும் அது அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிட்ட பயிற்சி. ஒரு படி பின்னால் போக வேண்டும்.

---

சாக்பீஸ்_மாஸ்டர்
செவ்வாய், இரவு 10:20

ம். எங்கள் காலத்தில் யாரும் கணக்கெடுக்கவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. பின் உருளலுக்கு மட்டும் நான் எப்போதும் யாரையும் பிடிக்க விட்டதில்லை.

---

எலும்பும்_தசையும்
புதன், காலை 7:15

பிசியோதெரபிஸ்ட். பின் உருளல் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்புக்கு அதை வைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. முன் உருளலில் தலையை மடக்கினால் கழுத்து தப்பிக்கிறது. பின் உருளலில் பாதி வழியில் கை தள்ளவில்லை என்றால் மடங்கிய கழுத்தின் மேல் உடம்பு உட்காருகிறது, தப்பிக்க வழி இல்லை. பின்னால் போகத்தான் வேண்டும் என்றால் ஒரு தோளுக்கு மேலாக உருளச் சொல்லிக்கொடுங்கள், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

தலையை ஊன்றி நிற்கும் சிரசாசனம் போன்றதையும் அதே பட்டியலில் வைப்பேன். இதில் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும்.

முதல் வகுப்புக்கு முன்னால் உடல்நிலை விவரம் வாங்குங்கள். ஆஸ்துமா, வலிப்பு, பழைய எலும்பு முறிவு, இதயக் கோளாறு. முக்கியமாக டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான மூட்டு தளர்வாக இருக்கும். வெளியே ஒன்றுமே தெரியாது. கழுத்தில் அழுத்தமோ கடுமையான மடக்கலோ வந்தால் தண்டுவடத்துக்கு ஆபத்து. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு 1983-லேயே இதற்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அந்தப் பிள்ளைக்கு உருளல் கிடையாது. நிலையங்கள் முறை இதற்கும் உதவும், ஐந்தில் நான்கு இடத்தில் அந்தப் பிள்ளை எல்லோரோடும் இருக்கலாம்.

வார்ம்-அப்பில் கழுத்தை முழு வட்டமாகச் சுற்ற விடாதீர்கள், பக்கவாட்டில் பார்ப்பதும் காதைத் தோளுக்குச் சாய்ப்பதும் போதும். மணிக்கட்டை மறக்கவே கூடாது. நாள் முழுக்கப் பேனா பிடித்த கை திடீரென்று உடம்பைத் தாங்கப்போகிறது.

அடி பட்டுவிட்டால்: தலையிலோ கழுத்திலோ விழுந்து, கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, பலமின்மை என்று சொன்னால் தூக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். அசையாதே என்று சொல்லி, தலை இருக்கிற நிலையிலேயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்புங்கள். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்ப யாராவது இருக்க வேண்டும், அது யார் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும்.

தலையில் இடித்த பிறகு தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், கேட்டதையே திரும்பக் கேட்பது, வெறித்துப் பார்ப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது, மருத்துவர் பார்க்க வேண்டும். மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்பது தப்பான எண்ணம்.

மணிக்கட்டு வீங்கியிருந்தால் "உதறு, சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. கை கோணவில்லை என்பதால் முறியவில்லை என்று ஆகாது. உருவி விடுவது, இழுத்து விடுவது எதுவும் வேண்டாம், எக்ஸ்ரே எடுக்கட்டும்.

---

வேண்டாம்_வம்பு
புதன், காலை 9:00

இதையெல்லாம் படித்த பிறகு என் பெயர் இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது.

---

ஏழாம்_பீரியட்
புதன், மாலை 4:45

எங்கள் பள்ளியில் மினி டிராம்போலின் (ஏறித் துள்ளும் வலை) ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்கு ரொம்ப ஆசை. டைவ் அடித்து, அதாவது காற்றில் பாய்ந்து வந்து கை ஊன்றி, உருள்வதற்குப் பயன்படுத்தலாமா?

---

முன்னாள்_பீம்
புதன், மாலை 5:10

தூசியோடே இருக்கட்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1977-லேயே பள்ளி உடற்கல்வி வகுப்பிலிருந்து டிராம்போலினை எடுத்துவிடச் சொன்னது. அது சொன்னபடியே எல்லோரும் நடக்க வேண்டும் என்று இல்லை, ஆனால் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் எந்தத் துள்ளு கருவியும் வகுப்புக்குள் வரக் கூடாது. துள்ளி வருகிறவனுக்குத் தான் காற்றில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது.

டைவ் உருளல் என்பது உருளலின் நீளமான வடிவம் இல்லை, வேறு சங்கதி. எலேனா முக்கினா என்ற சோவியத் வீராங்கனை, உலக சாம்பியன், 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரம் முன்னால் பயிற்சியில் பல்டி அடித்து உருண்டு இறங்கும் ஒரு அசைவில் கழுத்தில் விழுந்தார். கால் முறிவு முழுதாக ஆறுவதற்குள் பயிற்சிக்கு இறக்கியிருந்தார்கள். 2006-ல் இறக்கும் வரை படுக்கைதான். இன்றைக்கு சர்வதேசப் போட்டி விதியிலேயே பல்டியிலிருந்து கழுத்து வழியாக உருண்டு இறங்கும் வகைகளுக்குத் தடை இருக்கிறது. உலக சாம்பியனுக்கே மறுத்ததை ஏழாம் வகுப்புக்குக் கொடுக்க முடியாது இல்லையா?

---

பல்டி_பாண்டி
புதன், இரவு 7:22

நான் யூடியூப் பார்த்தே பேக் ஃபிளிப் கற்றுக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. வீடியோ போடட்டுமா?

---

நெறியாளர்
புதன், இரவு 7:50

வேண்டாம் பாண்டி. இந்த இழை பள்ளி வகுப்பு பற்றியது. பேக் ஃபிளிப்புக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போடுங்கள். அங்கேயும் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

---

சாக்பீஸ்_மாஸ்டர்
புதன், இரவு 8:30

கருவி பற்றி ஒரு கதை சொல்லிவிட்டுப் படுக்கிறேன். 2000, சிட்னி ஒலிம்பிக்ஸ். மகளிர் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவின் இறுதிப் போட்டி. வால்ட் குதிரை, அதாவது ஓடி வந்து கை ஊன்றித் தாண்டும் கருவி, 125 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். 120-ல் வைத்துவிட்டார்கள். உலகத்தின் மிகச் சிறந்த பிள்ளைகள் ஓடி வந்து ஒருவர் பின் ஒருவராகத் தடுமாறுகிறார்கள். தங்கம் வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்த ரஷ்யாவின் கோர்கினாவே விழுந்தார். பாதிப் பேர் ஆடி முடித்த பிறகுதான் ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர் உயரம் சரியில்லை என்று சொல்ல, அளந்து பார்த்தார்கள். 5 செ.மீ.!

அவ்வளவு அதிகாரிகள் இருந்த இடத்திலேயே டேப் எடுத்து அளக்க யாருக்கும் தோன்றவில்லை. நாம் நேற்று மாலை வேறு யாரோ அடுக்கிய பெட்டியை இன்று காலை பார்க்காமலே உபயோகிக்கிறோம். நான் தினமும் முதல் பீரியடுக்கு முன்னால் பெஞ்சில் ஏறி ஒரு குதி குதித்துப் பார்ப்பேன். பையன்கள் மாஸ்டருக்குக் கிறுக்கு என்பார்கள்.

---

ரெண்டு_வாண்டுகளின்_அம்மா
புதன், இரவு 9:15

சாக்ஸோடு செய்யலாமா, வெறுங்காலா? சின்னவனுக்கு வெறுங்கால் என்றால் அருவருப்பு.

---

முன்னாள்_பீம்
புதன், இரவு 9:20

தரை சுத்தமாக இருந்தால் வெறுங்கால்தான். வெறும் சாக்ஸ் வழுக்கும், அதை விட ஷூவே மேல். தோடு, வளையல், வாட்ச் எல்லாம் கழற்ற வேண்டும். பாக்கெட்டில் பேனா இருக்கிறதா பாருங்கள். முடியைப் பின்னந்தலையில் கொண்டையாகப் போட்டு அனுப்பாதீர்கள், உருளும்போது அது கல் மாதிரி உறுத்தும். இரட்டைச் சடை, அல்லது தாழ்வாகக் கட்டியது நல்லது. தொளதொள சட்டை முகத்தில் விழும், உள்ளே செருகியிருக்கட்டும்.

---

புது_விசில்
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மாலை 6:40

எல்லோருக்கும் வணக்கம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் வகுப்பு முழுக்க விசிலும் உட்காருவதும் மேட் தூக்குவதும்தான். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "ஜிம்னாஸ்டிக்ஸ் எப்போது?" என்று கேட்டார். இதுதான் சார் என்றேன். இரண்டாவது வகுப்பில் இறங்குவது, விழுவது, தொட்டிலாட்டம். போன வாரம்தான் சரிவு போட்டேன்.

40 பேரில் 23 பேர் சரிவில் உருண்டு கை ஊன்றாமல் எழுந்துவிட்டார்கள். 12 பேர் எழும்போது கையை ஊன்றுகிறார்கள். 5 பேர் இன்னும் கரடி நடையில் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு அதுவே ரொம்பப் பிடித்துவிட்டது, சரிவுக்கு வரச் சொன்னால் வருவதில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தப் பதினோராவது பையன் கைக்குட்டையை இடுக்கிக்கொண்டு உருண்டான். எழுந்து நின்றதும் இரண்டு கையையும் விரித்து, முகவாயைத் தூக்காமலே, "மிஸ், இருக்கு!" என்று பல்லிடுக்கில் கத்தினான்.

அடி பட்டது ஒன்றே ஒன்று. தண்ணீர் பாட்டில் எடுக்க சாக்ஸோடு ஓடிய பெண் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. மாஸ்டர் ஐயா சொன்னதுதான், கருவியில் ஆகவில்லை. பாட்டில்களை இப்போது வாசலுக்கு வெளியே வைத்துவிட்டேன். பதிவேட்டிலும் எழுதியிருக்கிறேன், நாள், நேரம், எப்படி நடந்தது, யாருக்குச் சொன்னேன் என்று.

இரண்டு சந்தேகம். சரிவிலிருந்து சமதரைக்கு எப்போது மாற்றுவது? கார்ட்வீல் (கை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரமாகச் சுற்றுவது) தொடங்கலாமா?

---

முன்னாள்_பீம்
வெள்ளி, இரவு 8:05

படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. அந்த 23 பேர் சமதரைக்குப் போகலாம், ஆனால் சரிவையும் எடுக்காதீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், பிள்ளை எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும். சமதரையில் தலை ஊன்ற ஆரம்பித்தால் அன்றே சரிவுக்குத் திரும்பட்டும்.

கார்ட்வீலுக்குத் தாழ்வான பெஞ்சிலிருந்து தொடங்குங்கள். இரண்டு கையையும் பெஞ்சின் மேல் ஊன்றி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் காலைத் தாண்டிப் போடுவது. கால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரும், அவர்களுக்கே தெரியாது. அப்புறம் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு: கை, கை, கால், கால், நாலும் கோட்டின் மேல். பிடிப்பதானால் பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று இடுப்பைப் பிடியுங்கள், வயிற்றுப் பக்கம் நின்றால் கால் உங்கள் மேல் வரும். பிள்ளைகளுக்கு நடுவில் இரண்டு கை நீள இடைவெளி போதாது, சுற்றி வருகிற காலுக்கும் சேர்த்து விடுங்கள்.

---

சாக்பீஸ்_மாஸ்டர்
வெள்ளி, இரவு 8:30

கோட்டைப் பளிச்சென்று போடுங்கள் தங்கச்சி. பெஞ்சைக் குதித்துப் பார்த்தீர்களா?

---

புது_விசில்
வெள்ளி, இரவு 8:41

தினமும் ஐயா. ஒரு கால் லேசாக ஆடியது, செவ்வாய்க்கிழமை தச்சர் வந்து முடுக்கிவிட்டுப் போனார்.